செம்பின் பதம்

செம்புக் கம்பியைக் கையாலேயே வளைத்துவிடலாம். அதே தடிமனில் எஃகுக் கம்பி என்றால் குறடு தேட வேண்டியிருக்கும். ஆனால் இந்தச் செம்பை நூற்றுக்கு ஒரு பங்கு எஃகில் கலந்து, முறையாகச் சூடுபடுத்தி வைத்தால், எஃகின் வலிமை 200 மெகாபாஸ்கல் அளவுக்குக் கூடுகிறது. வீடு கட்ட வாங்குகிற டி.எம்.டி கம்பியில் 500 என்று போட்டிருப்பார்கள் இல்லையா, அதுவும் மெகாபாஸ்கல் கணக்குதான். அதில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு சதவீதச் செம்பு தனியாகச் சம்பாதித்துக் கொடுக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

மென்மையான ஒன்று கடினமான ஒன்றை எப்படி இன்னும் கடினமாக்கும்? பாடப்புத்தகங்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடும்: செம்பு வீழ்படிவுகள் பிறழ்வுகளின் நகர்வைத் தடுக்கின்றன. வரி சரிதான். ஆனால் ‘தடுக்கின்றன’ என்றதும் நம்ம மனசில் வருவது ரோட்டில் கிடக்கும் பாறாங்கல். செம்பு பாறாங்கல் இல்லை. அது வேறு மாதிரி மாட்டிவைக்கிறது. அந்த விதம் புரிந்தால், அமெரிக்கப் போர்க்கப்பல்களின் தகடுகளில் செம்பை ஏன் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், அணு உலைப் பாத்திரங்களில் அதே செம்பைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள் என்ற இரண்டுமே சேர்ந்து புரியும். ரொம்ப நாளாக நோட்டில் துண்டு துண்டாகக் கிடந்ததை இங்கே கோர்த்து வைக்கிறேன்.

முதலில், செம்பு எதற்கு? எஃகை வலுவாக்க உலகத்திலேயே மலிவான சரக்கு கார்பன். சிக்கல் வெல்டிங்கில்தான் வரும். வெல்டு போடும்போது தையலை ஒட்டியிருக்கும் உலோகம் ஆயிரம் டிகிரியைத் தாண்டிச் சூடாகி, பக்கத்துத் தகடு குளிர்ச்சியாக இருப்பதால் சில விநாடிகளில் ஆறிவிடும். பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணியில் தோய்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கார்பன் அதிகமிருந்தால் அந்த இடம் கெட்டியாகவும் நொறுங்கக் கூடியதாகவும் மாறும். காற்றின் ஈரத்திலிருந்தும் எலக்ட்ரோடு பூச்சிலிருந்தும் ஹைட்ரஜன் உள்ளே போயிருக்கும். இரண்டும் சேர்ந்தால் விரிசல். அதுவும் உடனே வராது. வெல்டர் வேலை முடித்து வீட்டுக்குப் போன பிறகு, சில சமயம் ஒரு நாள் கழித்து, யாரும் பார்க்காதபோது வரும். கப்பல் கட்டுகிறவர்களுக்கு இதைவிட வேண்டாத விருந்தாளி கிடையாது.

இதற்கு வழி, தகட்டை முன்கூட்டியே சூடாக்கி, ஆறுவதை மெதுவாக்குவது. அமெரிக்கக் கடற்படை பல வருஷம் பயன்படுத்திய எச்.ஒய்-80 என்ற எஃகில் கார்பன் 0.12 முதல் 0.18 சதவீதம். தடித்த தகடு என்றால் 100 டிகிரி செல்சியஸைச் சுற்றிச் சூடாக்கி, வெல்டு முடியும் வரை அந்தச் சூட்டைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். கப்பலின் உள்ளறை ஒன்றில், நாலு பக்கமும் தோசைக்கல் மாதிரிக் காய்ந்துகொண்டிருக்கும் தகடுகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து ஒருவர் வெல்டு போடுவதை யோசித்துப் பாருங்கள். செலவு ஒருபக்கம், ஆள் படும் பாடு இன்னொருபக்கம்.

அதனால்தான் கார்பனைக் குறைத்துவிட்டு அதன் வேலையை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்ற தேடல். இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனம் முன்பே செய்து வைத்திருந்த ஒரு நிக்கல்-செம்பு எஃகை அடிப்படையாக வைத்து, 1984-இல் எச்.எஸ்.எல்.ஏ-80 என்ற எஃகுக்கு அமெரிக்கக் கடற்படை ஒப்புதல் கொடுத்தது. வலிமை அதே 550 மெகாபாஸ்கல். கார்பன் 0.07 சதவீதத்துக்கு மேல் போகாது. செம்பு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பெரும்பாலான இடங்களில் முன்சூடே வேண்டாம். டிகொண்டரோகா வகைக் கப்பல்களில் புகுந்து, பிறகு ஆர்லி பர்க் வகையிலும் இடம் பிடித்தது.

சரி, அந்த ஒரு சதவீதம் உள்ளே என்ன செய்கிறது?

சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்களுக்குப் பாதிக் கதை ஏற்கெனவே தெரியும். சூட்டில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் கரையும். ஆறினால் தாங்காது, கூடுதலாக இருப்பது படிகமாகி வெளியே வரும். கல்கண்டு அப்படித்தான் உருவாகிறது. இரும்பும் செம்பும் இதே ஜாதி. 850 டிகிரியில் இரும்பு கிட்டத்தட்ட 2 சதவீதம் செம்பைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 500 டிகிரிக்கு வந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளும் உண்டாக்குவதில்லை. அலுமினியம் என்றால் செம்போடு சேர்ந்து புதுப் படிகம் ஒன்றைக் கட்டும். இரும்பு அப்படி இல்லை. இருவருக்கும் ஆகாது, பிரிந்து போனால் போதும் என்ற உறவு.

ஆனால் பிரிய நேரம் வேண்டும். 900 டிகிரியிலிருந்து சட்டென்று குளிரவைத்தால் செம்பு அணுக்கள் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். பிறகு அந்த எஃகை 450 முதல் 650 டிகிரிக்குள் மறுபடி சூடாக்கினால் மெல்ல நகர ஆரம்பிக்கும். எப்படி நகரும்? பதினைந்து சதுரங்களும் ஒரு காலி இடமும் உள்ள அந்தப் பழைய நகர்த்துப் புதிர் மாதிரி. படிகத்தில் அங்கங்கே அணு இல்லாத காலியிடங்கள் உண்டு. பக்கத்தில் காலியிடம் வந்தால் செம்பு அணு அதில் தாவும். காலியிடம் வரவில்லை என்றால் காத்திருக்கும். சூடு கூடினால் காலியிடங்களும் கூடும், தாவும் வேகமும் கூடும். இந்தக் காலியிடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அணு உலைக்குப் போகும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

உலோகங்களை இப்படி ‘முதிர வைத்து’ வலுவாக்கலாம் என்பதே தற்செயலாகத் தெரிந்ததுதான். 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிரவைத்துச் சோதித்தார். வாரக்கடைசி கழிந்து மறுபடி சோதித்தால் அது தானாகவே கடினமாகியிருந்தது. ஏன் என்று அவருக்கே தெரியாது. அலுமினியத்தில் அறைச் சூட்டிலேயே அது நடந்துவிடும். இரும்பில் அறைச் சூட்டில் செம்பு நகரவே நகராது, அடுப்பு வேண்டும்.

இங்கே கொஞ்சம் வழி விலகி ஒன்று சொல்லிவிடுகிறேன். செம்புள்ள எஃகில் நிக்கலும் கூடவே இருப்பதைப் பார்க்கலாம். எஃகுக் கட்டியை உருட்டுவதற்காகச் சூடாக்கும்போது மேற்பரப்பில் இரும்பு துருப்பிடித்துச் செதிலாகும். செம்பு அவ்வளவு எளிதில் ஆக்சிஜனோடு சேராது. அதனால் செதிலுக்கு அடியில் செம்பு சேர்ந்துகொண்டே போகும். அது 1085 டிகிரியில் உருகி, எஃகின் மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளில் எண்ணெய் மாதிரி இறங்கும். உருட்டினால் மேல்தோல் வெடிக்கும். நிக்கல் இருந்தால் இது அடங்கும். பழைய இரும்பை உருக்கித் தகடு செய்பவர்களுக்கும் இதே தொல்லை. நசுக்கிய காரோடு மோட்டார் வயர்களும் உலைக்குள் போய்விடும், இரும்பை எரிக்காமல் அந்தச் செம்பை எரித்து வெளியே எடுக்க வழியில்லை.

விஷயத்துக்கு வருவோம். முதிர வைத்த எஃகுக்குள் இப்போது செம்பு எப்படி இருக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எடையில் ஒரு சதவீதம் செம்பு என்றால் கனஅளவில் சுமார் 0.9 சதவீதம். அவ்வளவும் 3 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாகப் பிரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உருண்டையிலும் ஏறத்தாழ 1,200 அணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் எஃகில், அதாவது ஒரு கடுகுக்கும் குறைவான இடத்தில், இப்படிப்பட்ட உருண்டைகள் 6 கோடிக் கோடி. பக்கத்துப் பக்கத்து உருண்டைகளுக்கு இடையே 12 நானோமீட்டர்தான் இடைவெளி. போட்டது ஒரு சதவீதம், ஆனால் உள்ளே அவை இல்லாத மூலை முடுக்கே இல்லை.

அடுத்து, எஃகு வளைவது என்றால் என்ன? பெரிய ஜமக்காளம் ஒன்றை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் நகராது. ஒரு முனையில் சின்னச் சுருக்கம் உண்டாக்கி, அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போனால் ஜமக்காளம் எளிதாக இடம் மாறிவிடும். படிகத்தில் அந்தச் சுருக்கத்துக்குப் பெயர் பிறழ்வு. ஆங்கிலப் பெயரிலேயே டிஸ்லொகேஷன் என்றும் சொல்வோம். அது ஒரு கோடு. அணு அடுக்குகள் சரியாகப் பொருந்தாத இடங்களை இணைக்கும் நீளமான கோடு. கோடுகள் எளிதாக ஓடினால் உலோகம் மென்மை. ஓட விடாமல் செய்தால் வலிமை. எஃகைக் கடினமாக்கும் எல்லா வித்தைகளும் கடைசியில் இந்தக் கோடுகளை ஓட விடாமல் செய்வதில்தான் வந்து நிற்கும்.

கடினமான பொருள் என்றால் கோடு அதில் முட்டி நிற்கும், சரி. செம்பு மெதுவாயிற்றே, கோடு சுலபமாக உள்ளே நுழைந்துவிடாதா? நுழைந்துவிடும். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிறழ்வுக் கோடு தன்னைச் சுற்றியுள்ள அணுக்களை இழுத்தும் அழுத்தியும் வைத்திருக்கிறது. அதற்கு ஆற்றல் செலவாகும், நீளத்துக்கு இவ்வளவு என்று வாடகை மாதிரி. வாடகை எவ்வளவு என்பது அந்த இடத்தின் விறைப்பைப் பொறுத்தது. இரும்பின் நறுக்குக் குணகம் ஏறத்தாழ 82 ஜிகாபாஸ்கல், செம்பினுடையது 48. அதாவது இரும்பில் பத்து ரூபாய் வாடகை என்றால் செம்பில் ஆறு ரூபாய்தான். கோடு செம்பு உருண்டைக்குள் இஷ்டப்பட்டே குடியேறும். வாடகை குறைந்த வீட்டுக்குப் போன குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லிப் பாருங்கள்! மறுபடி வாடகை அதிகமான இரும்புக்குள் அந்தக் கோட்டை இழுத்துவர வெளியிலிருந்து கூடுதல் விசை வேண்டும். அந்தக் கூடுதல் விசைதான் நாம் அளக்கும் கூடுதல் வலிமை. மென்மைதான் இங்கே பொறி. 1972-இல் ரஸ்ஸலும் பிரவுனும் இந்த எண்ணத்தைக் கணக்காக்கி, இரும்பு-செம்பு உலோகக் கலவைக்கே பொருத்திக் காட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனாலும் என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான ஒரு யோசனை இன்னும் அதுதான்.

இந்தக் கணக்கிலிருந்தே அளவின் கதையும் வந்துவிடுகிறது. உருண்டை மிகச் சிறியதாக இருந்தால் கோட்டைச் சுற்றியுள்ள விறைப்பில் கொஞ்சம்தான் செம்புக்குள் விழும்; வாடகைத் தள்ளுபடி குறைவு, கோடு எளிதாக வெளியேறிவிடும். உருண்டை பெருக்கப் பெருக்கத் தள்ளுபடி கூடும், பிடியும் கூடும். ஆனால் செம்பு மொத்தம் ஒரு சதவீதம்தானே? உருண்டைகள் பெருக்க வேண்டுமென்றால் பக்கத்துச் சிறுசுகளைச் சாப்பிட்டுத்தான் பெருக்க வேண்டும். விட்டம் 3-இலிருந்து 30 நானோமீட்டராகப் பத்து மடங்கானால் எண்ணிக்கை ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும், இடைவெளி 12-இலிருந்து 120 நானோமீட்டராக விரியும். அகலமான இடைவெளியில் கோடு வில்லாக வளைந்து, உருண்டைகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஒருபக்கம் பிடி கூடுகிறது, மறுபக்கம் பிடிக்கிறவர்கள் குறைகிறார்கள். இரண்டும் சமமாகிற இடத்தில் உச்சம். செம்புக்கு அந்த உச்சம் 2 முதல் 4 நானோமீட்டருக்குள் வருகிறது. பாகில் கம்பிப் பதம் என்று சொல்வோமே, அந்த மாதிரி ஒரு பதம். அதற்கு முன்னாலும் ஆகாது, பின்னாலும் ஆகாது.

இவ்வளவு சின்னதை எப்படிப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை. 1955-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும் அவருடைய இந்திய மாணவர் கன்வர் பகதூரும் முதன்முதலில் தனித்தனி அணுக்களைப் படமாகப் பார்த்தார்கள். ஊசிமுனையாகக் கூராக்கிய உலோகத்தைக் கடுங்குளிரில் வைத்து, அதில் உயர் மின்னழுத்தம் கொடுக்கும் கருவி அது. அதிலிருந்து வளர்ந்ததுதான் அணுச் சலாகை: ஊசிமுனையிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பறக்கவிட்டு, வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்து இது இரும்பா செம்பா என்று சொல்லிவிடும். 1973-இல் குட்மன், பிரென்னர், லோ மூவரும் இதைச் செம்பு கலந்த இரும்பில் செய்து பார்த்தபோது, உச்ச வலிமையில் இருந்த உருண்டைகள் சுத்தச் செம்பு இல்லை, உள்ளே நிறைய இரும்பும் இருக்கிறது என்று வந்தது. நியூட்ரான் சிதறலை வைத்துப் பார்ப்பவர்கள் அவ்வளவு இரும்பு இருக்க முடியாது என்பார்கள். பிய்ந்து பறக்கும் அணுக்களின் பாதை கோணிக்கொள்வதால் பக்கத்து இரும்பும் உருண்டைக்குள் இருப்பதுபோல் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். முப்பது நாற்பது வருஷமாக ஓடும் வழக்கு இது. நான் நியூட்ரான் கட்சிப் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. தனியாக இருக்கும் செம்பு, முகமையக் கனசதுரப் படிகம். இரும்பு, பொருள்மையக் கனசதுரம். இரும்புக்குள் முளைக்கும் செம்புத் துளி, ஆரம்பத்தில் தன் சொந்த அடுக்கை விட்டுவிட்டு இரும்பின் அடுக்கையே போட்டுக்கொள்கிறது. மாமியார் வீட்டில் இருக்கும்வரை அந்த வீட்டுப் பழக்கம். இரண்டு அணுக்களின் அளவும் ஏறத்தாழ ஒன்று என்பதால் எல்லையில் உறுத்தலே இல்லை. அதனால்தான் இவ்வளவு சின்ன உருண்டைகள் இத்தனை கோடி உருவாக முடிகிறது. எல்லை போடுகிற செலவு குறைவு. 4 நானோமீட்டரைத் தாண்டும்போது பொறுமை போய்விடும். அடுக்குகள் சட்டென்று சரிந்து, ஒவ்வொரு மூன்று அடுக்குக்கும் ஒருமுறை வரிசை தவறும் ஒரு விசித்திர அமைப்புக்கு மாறும். இதற்கு 9ஆர் என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ஓத்தன், ஜென்கின்ஸ் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். இன்னும் வளர்ந்து, 15-20 நானோமீட்டர் வாக்கில்தான் செம்பு தன் சொந்த வீட்டுப் பழக்கத்துக்குத் திரும்புகிறது. அதற்குள் உருண்டை வடிவமும் போய்க் குச்சியாகத் தொடங்கிவிடும்.

இப்போது கப்பல் தகட்டுக்குத் திரும்பலாம். உச்ச வலிமைக்கு 450-500 டிகிரியில் முதிர வைத்தால் போதும் என்று தெரிந்தும், எச்.எஸ்.எல்.ஏ தகடுகளை 600 டிகிரியைச் சுற்றியோ அதற்கும் மேலோதான் முதிர வைக்கிறார்கள். அதாவது பதத்தைத் தெரிந்தே தாண்டவிடுகிறார்கள். காரணம், உச்ச வலிமையில் இருக்கும் எஃகு அடி தாங்காது. வெட்டு போட்ட துண்டைச் சுத்தியலால் அடித்து உடைக்கும் சார்பி சோதனையில் அது படுமோசமாக விழும். கோடுகள் ஓட முடியாத எஃகில், விரிசல் முனையில் சேரும் அழுத்தத்தை வளைந்து கரைக்க யாரும் இல்லை. விரிசல் நேராக ஓடிவிடும். போர்க்கப்பலுக்கு வேண்டியது அதிகபட்ச வலிமை இல்லை. வெடி பட்டால் கிழியாமல் வளைந்து கொடுக்கிற தகடு. அதனால் கொஞ்சம் வலிமையை விட்டுக்கொடுத்து நிறைய உறுதியை வாங்குகிறார்கள். செம்பைப் போட்டவர்களே அதன் உச்சத்தைப் பயன்படுத்துவதில்லை என்பது இந்தத் துறையில் முதலில் எனக்கு ஆச்சரியமாகப் பட்ட விஷயம். செம்பு என்றாலே நொறுங்கல் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மோரிஸ் ஃபைனும் செம்யோன் வேய்ன்மனும் உருவாக்கிய செம்பு எஃகு, இல்லினாய் மாநிலத்தின் கடுங்குளிரிலும் பாலம் தாங்குகிறது. அங்கே கார்பன் குறைவு, விரிசல் பிறக்க இடம்தரும் பெரிய கார்பைடுகள் குறைவு.

தெரிந்தே போட்டால் இந்தச் சுதந்திரம் உண்டு. தெரியாமல் வந்து சேர்ந்தால்?

நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் சி.ஓ.2 வெல்டிங் வயர்ச் சுருளைப் பார்த்திருப்பீர்கள், செம்பு நிறத்தில் பளபளக்கும். உள்ளே எஃகு, மேலே மெல்லிய செம்புப் பூச்சு. துருப்பிடிக்காமல் இருக்கவும் மின்சாரம் நன்றாகப் பாயவும் அந்தப் பூச்சு. 1960-களில் அமெரிக்க அணு உலைகளின் அழுத்தப் பாத்திரங்களை வெல்டு செய்யவும் இப்படிப் பூசிய வயரையே பயன்படுத்தினார்கள். 20 சென்டிமீட்டர் தடிமன் என்றால் அடுக்கடுக்காக எவ்வளவு வயர் உள்ளே போயிருக்கும்! சில வெல்டுகளில் செம்பு 0.3 சதவீதத்தையும் தாண்டியது. அப்போது யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. செம்பின் கைவரிசை அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் கதிர்பட்ட எஃகுத் துண்டுகளைச் சோதித்தபோது தெளிவானது.

உலைப் பாத்திரம் ஓடுவது 290 டிகிரியில். வெறும் அடுப்புக் கணக்கில் பார்த்தால் அந்தச் சூட்டில் செம்பு நகர ஒரு ஆயுள் போதாது, பயமே வேண்டாம். ஆனால் அங்கே நியூட்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நியூட்ரானும் இரும்பு அணுக்களை இடத்தைவிட்டு எகிற அடித்து, பின்னால் காலியிடங்களை விட்டுப் போகும். முன்னால் சொன்ன நகர்த்துப் புதிரில் காலி இடம் கிடைப்பதுதான் அரிது. இங்கே நியூட்ரான் அதை வாரி வழங்குகிறது. செம்பு தாவ ஆரம்பிக்கிறது. வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்ந்து, மாங்கனீசு, நிக்கல், சிலிக்கானையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 2-3 நானோமீட்டர் உருண்டைகளாகிறது. அதற்குமேல் பெரிதாக வளர்வதில்லை. சிறுசுகளைக் கரைத்துப் பெருசுகள் வளரத் தேவையான சூடு அங்கே இல்லை. அதாவது கப்பல்காரர்கள் வேண்டாம் என்று தாண்டிப்போகிற அதே உச்சப் பதத்தில் உலையின் செம்பு வந்து நின்றுகொள்கிறது. அடுப்பை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

ஆபத்து எப்போது? இந்த வகை எஃகு, ஒரு வெப்பநிலைக்கு மேல் வளையும், கீழே நொறுங்கும். புதிதாக இருக்கும்போது அந்த எல்லை அறைச் சூட்டுக்குக் கீழே இருக்கும். செம்பு சேரச் சேர மேலே ஏறும், மோசமான வெல்டில் 100 டிகிரிக்கும் மேல். விபத்து நேரத்தில் குளிர்ந்த அவசர நீரை, இன்னும் அழுத்தத்தில் இருக்கும் சூடான பாத்திரத்துக்குள் பாய்ச்ச வேண்டி வரலாம். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணி ஊற்றுகிற நிலைமை. பாத்திரம் பிளந்தால் அடுத்த தடுப்பு என்று நம்பக் கூடியது அதிகம் இல்லை. நீர்க்குழாய் உடைந்தால் மாற்று வழி உண்டு, பாத்திரத்துக்கு மாற்றே கிடையாது. அமெரிக்க விதி, தகட்டுக்கும் நெடுக்குத் தையலுக்கும் அந்த எல்லை 132 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கேள்வி கேட்கும். சுற்றுத் தையலுக்கு 149. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் யாங்கி ரோ உலை 1991 அக்டோபரில் நிறுத்தப்பட்டது, 1992-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அங்கே எதுவும் உடையவில்லை. பாத்திரம் உடையாது என்று போதுமான அளவு நிரூபிக்க முடியவில்லை, நிரூபிக்க ஆகும் செலவுக்கு உரிமையாளர்கள் தயாராக இல்லை, அவ்வளவுதான். பிறகு வந்த பாத்திரங்களில் பூச்சில்லாத வயர் வந்தது, செம்புக்கு உச்சவரம்பும் கறாரானது. 0.05 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் உருண்டைகள் உருவாக ஏறக்குறைய சரக்கே இருக்காது.

ஏற்கெனவே கட்டிமுடித்த பாத்திரங்களை என்ன செய்வது? கப்பல் தகட்டுக்குச் செய்ததையேதான். சோவியத் வடிவமைப்பான வி.வி.இ.ஆர்-440 உலைகள் பலவற்றில் வெல்டு சீக்கிரமே நொறுங்கும் தன்மைக்கு வந்தது. அங்கே செம்போடு பாஸ்பரசும் குற்றவாளி. எரிபொருளையும் உள்ளிருக்கும் சாமான்களையும் வெளியே எடுத்துவிட்டு, பாத்திரத்துக்குள் வளைய வடிவில் மின்சார அடுப்பை இறக்கி, பாதிக்கப்பட்ட தையலை 475 டிகிரியில் நூறு மணி நேரத்துக்கும் மேல் சூடாக்கினார்கள். 290 டிகிரியில் நின்றுபோன பயணம் மறுபடி தொடங்குகிறது. சிறுசுகள் கரைகின்றன, எஞ்சியவை பெருக்கின்றன, இடைவெளி விரிகிறது, கோடுகளுக்கு வழி கிடைக்கிறது, நொறுங்கும் எல்லை பழைய இடத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறது. செம்பின் விஷயத்தில் ஒரு உபரி லாபமும் உண்டு: பெரிய உருண்டைகளில் போய் அடைந்த செம்பு இனி கரைசலில் இல்லை, அதனால் உலை மறுபடி ஓடும்போது புதுச் சின்ன உருண்டைகள் உருவாகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். பின்லாந்தின் லோவீசா 1 உலைக்கு இந்தச் சிகிச்சை 1996-இல் நடந்தது. 2050 வரை அதை ஓட்டலாம் என்று அந்நாட்டு அரசு 2023-இல் உரிமம் கொடுத்திருக்கிறது.